பாய் விரிக்க ஓர் இடம்

எட்டு மாதம் என் இடது காலைத் திட்டிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் விருட்சாசனம் செய்யும்போது வலது காலில் முப்பது எண்ணும்வரை அசையாமல் நிற்பேன். இடது காலுக்கு மாற்றினால் பத்தைத் தாண்டாது. கணுக்கால் நடுங்கும், கை காற்றில் எதையோ தேடும், அப்புறம் பொத்தென்று கால் தரைக்கு வந்துவிடும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது, ஒரு பக்கமாகவே பையை மாட்டிக்கொண்டு அலைவது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் ஒன்று விடாமல் நம்பினேன்.

போன வருடம் மழைக்கு முன்னால், மாடி ஒழுகலைச் சரிபார்க்க எங்கள் குடியிருப்புக்கு ஒரு கொத்தனார் வந்தார். ரசமட்டத்தை அங்கங்கே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான் வழக்கமாகப் பாய் போடும் மூலைக்கு வந்ததும் நின்றார். "இங்க வாட்டம் கொஞ்சம் கூடவே விட்டிருக்காங்கம்மா. மழத்தண்ணி அந்தக் குழாய்க்கு ஓடணும்ல" என்றார். குனிந்து பார்த்தேன். ரசமட்டத்துக் குமிழி நடுக்கோட்டில் நிற்காமல் ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே பாயைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு நின்று பார்த்தேன். இடது கால் கல்தூண் மாதிரி நின்றது. வலது கால் தள்ளாடியது.

நாற்பத்தேழு வயதுவரை மொட்டை மாடி என்றால் சமதளம் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர் தேங்காமல் இருக்க வாட்டம் விட்டுத்தான் எல்லா மாடியும் கட்டப்படுகிறது என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும். நான் கட்டியதில்லை, அடுக்குமாடியில் வாங்கியவள்.

யோகா பற்றி எழுதச் சொல்லித் தோழிகள் கேட்கும்போதெல்லாம் நழுவியிருக்கிறேன். எந்த ஆசனம் எந்த நோய்க்கு என்று எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் எங்கே செய்வது என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம். அதில் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். சிலது நிஜமாகவே அடி.

2018ல் முதுகு பிடித்துக்கொண்டது. வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்த முதுகு அது. மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, நடையோ நீச்சலோ யோகாவோ ஏதாவது ஒன்றை விடாமல் செய்யுங்கள் என்றார். மூன்றையும் ஒரே தட்டில் வைத்தது அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு, ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட யோகா ஓரளவு பலன் தருகிறது. முதுகுக்கான மற்ற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு யோகா வாய்த்ததற்கு ஒரே காரணம், வகுப்பு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

டீச்சர் எழுபதை நெருங்கியவர். கிருஷ்ணமாச்சாரியார் வழியில் கற்றவர். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, 1950களில் சென்னைக்கு வந்து, 1989ல் தன் நூறாவது வயதில் காலமானாரே, அவர்தான். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள். ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று, ஆளை ஆசனத்துக்காக முறுக்காதே என்பது அந்த வழியில் வந்தவர்கள் அடிக்கடி சொல்வது. எங்கள் டீச்சர் அதை இன்னும் சுருக்கிவிட்டார். "மூச்சு திக்குதா, இறங்கிடுங்க." இரண்டு வருடத்தில் அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வகுப்பு நின்றது. கணினியில் வகுப்பு எடுக்கத் தனக்கு வராது என்று சொல்லிவிட்ட டீச்சர், ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "வீட்ல எங்க செய்யறீங்க?" என்றுதான் கேட்டார். தரை என்ன தரை? வெறும் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது? கையை விரித்தால் எதில் இடிக்கும்? காலையில் அந்த இடத்தை யார் யார் தாண்டிப் போவார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று போகப் போகத்தான் தெரிந்தது.

எங்கள் கூடத்தில் சோபாவுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம். பாய்க்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம் போதும். ஆனால் கை கால்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முதல் வாரத்திலேயே கால் சுண்டுவிரல் டிவி மேசையின் காலைக் கண்டுபிடித்துவிட்டது. யோகா மேட் எதுவும் அப்போது என்னிடம் இல்லை, வகுப்பில் டீச்சருடையதுதான். கடைகள் அடைத்திருந்ததால் பவானி ஜமுக்காளத்தை எடுத்து விரித்தேன். பளபளவென்ற டைல்ஸ் தரை. அதோமுக சுவானாசனத்தில் கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தி நின்றபோது ஜமுக்காளம் மெல்ல நகர ஆரம்பித்தது. கைகள் வடக்கே, கால்கள் தெற்கே. நடுவில் நான், தாவாங்கட்டையோடு தரையில். ஜமுக்காளத்தின் மேல் தப்பில்லை. அதே ஜமுக்காளம் மாடியின் சொரசொரப்பான சிமெண்டில் பசை போட்ட மாதிரி நின்றது.

வழுக்காத யோகா மேட் ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்லை. 1960களின் கடைசியில் ஜெர்மனியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஏஞ்சலா ஃபார்மர் என்ற ஆசிரியை, கம்பளத்துக்கு அடியில் நழுவாமல் இருக்கப் போடும் விரிப்பை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியதில் தொடங்கியது அது. சிறுவயதில் நடந்த ஓர் அறுவை சிகிச்சையால் அவருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் வியர்வை வராது, அதனால் வழுக்கும். சென்னையில் நிலைமை நேர்மாறு. மே மாதத்தில் பத்தாவது நிமிடம் உள்ளங்கைக்கு அடியில் குட்டை கட்டிவிடும். இப்போது என்னிடம் மேட் இருக்கிறது, அதன்மேல் ஒரு ஈரிழைத் துண்டும் இருக்கிறது.

மற்ற சாமான்களுக்குக் காசு செலவழிக்கவில்லை. பிளாக் என்று விற்கும் கட்டைக்குப் பதிலாக இரண்டு செங்கல். கட்டையும் ஒன்பது அங்குல நீளம்தான், நம் செங்கலும் ஒன்பது அங்குலம்தான். பழைய உள்பாவாடைத் துணியில் சுற்றித் தைத்துவிட்டேன். தடித்த அகராதி ஒன்று சரியான உயரத்தில் இருந்தது. ஆனால் புத்தகத்தின் மேல் காலை வைக்க மனசு வரவில்லை. பெல்ட்டுக்குப் பதில் துப்பட்டா. நாற்காலி ஏற்கெனவே இருந்தது.

சுவர்தான் வீட்டில் இருக்கும் பெரிய சொத்து. முதுகைச் சுவரில் ஒட்டி நின்றால் எந்தத் தோள் முன்னால் வருகிறது என்று அதுவே சொல்லிவிடும். வேலை முடிந்து வந்ததும் புட்டத்தைச் சுவரோரம் தள்ளி, இரண்டு காலையும் மேலே நீட்டி, பத்து நிமிடம் படுத்திருப்பேன். இதைத்தான் விபரீத கரணியின் சுலபமான வடிவம் என்கிறார்கள். நின்றே வேலை பார்க்கும் எவருக்கும் இதை மட்டுமாவது சொல்லிவிடுவேன். ஒரே சிக்கல், இளமஞ்சள் சுவரில் மூன்றடி உயரத்தில் இரண்டு குதிகால் கறை விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் கொஞ்ச நாள் அதைப் பார்த்துவிட்டு, "கிருஷ்ண ஜயந்திக்குக் கால் போட்டியே, கிருஷ்ணன் சுவர் ஏறிட்டான் போல" என்றார்.

இடத்தைப் பிடிப்பதைவிட நேரத்தைப் பிடிப்பது கஷ்டம். வீட்டில் செய்யும்போது நாம் வீட்டில்தான் இருக்கிறோம் என்பதை வீடு மறக்க விடாது. பால் பாக்கெட், குக்கர், மோட்டார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் சவாசனத்தில் கிடக்கும் பிணமும் எழுந்து ஓடும். ஒரு காலம்வரை எரிச்சல்பட்டேன். அப்புறம் குக்கரையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். பருப்பை ஏற்றிவிட்டுப் படுப்பேன். நான்காவது விசில் வந்ததும் வலப்பக்கம் திரும்பி எழுந்துவிடுவேன். டீச்சரிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "பரவாயில்ல, அதுவரைக்குமாவது படுங்க" என்றார்.

மாடிக்குப் போனது மகன் கூடத்தில் வகுப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததால். போன பிறகுதான் சூரியனுக்கும் எனக்கும் இருந்த உறவு எவ்வளவு தூரத்து உறவு என்று தெரிந்தது. சென்னையில் மே கடைசியில் 5.40 சுமாருக்கே உதித்துவிடுகிறது. ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்குப் போனால் ஒரு மாதம் இருட்டு, இன்னொரு மாதம் கண் கூசும் வெயில். கான்கிரீட் பகல் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஏப்ரல் மே மாதங்களில் மாலை ஆறரைக்குக்கூட வெறுங்கால் வைக்க முடியாது. விடியற்காலையிலும் தரையில் ஒரு வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். முதுகுக்கு அது இதமாகத்தான் இருந்தது.

உதிக்கிற சூரியனைப் பார்த்துச் சூரிய நமஸ்காரம் செய்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. வேத காலத்து ரிஷிகள் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் செய்தேன். சூரியனைத் தொழுவது பழையதுதான். ஆனால் வீட்டுக்கு வீடு தெரிந்த இந்தக் குனிந்து நிமிரும் வரிசையை ஓர் உடற்பயிற்சியாக நாடெங்கும் பரப்பியவர், மகாராஷ்டிரத்தில் ஔந்த் என்ற சின்ன சமஸ்தானத்தின் ராஜா, பவன்ராவ் பந்த் பிரதிநிதி. 1920களில். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நமஸ்காரத்தின் மேல் மரியாதை குறையவில்லை. நூற்றெட்டு செய்யாவிட்டால் பாவம் என்ற பயம்தான் போனது. ஆறு செய்கிறேன். முடியாத நாளில் மூன்று.

வாட்டத்துக்குத் திரும்ப வருகிறேன், அந்த மூலை எனக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. ஒற்றைக்காலில் நிற்க உடம்பு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது: கண், உள்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் உணர்வு. வீட்டுக்குள் கண்ணுக்கு வேலை சுலபம். சுவரில் ஓர் ஆணி, காலண்டர், அசையாத ஏதோ ஒன்று நேர் எதிரே இருக்கும். மாடியில் நான் அழகுக்காகத் தேர்ந்தெடுத்தது பக்கத்து மனையின் தென்னை. அது காற்றில் ஆடும். அதை நம்பி நிற்கும் நானும் ஆடுவேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்குப் பார்வையை மாற்றியதும் பாதி ஆட்டம் நின்றது. மீதிதான் தரையின் வாட்டம். இயற்கையை ரசித்துக்கொண்டே விருட்சாசனம் என்பது இரண்டு வேலை. நான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்வேன்.

மாடியில் மூச்சுப் பயிற்சிக்கு ஆகாத நாட்கள் உண்டு. போகி முதலிடம். கீழே குப்பை எரிக்கிற நாள் இரண்டாவது. திருமூலர் பிராணாயாமத்துக்குக் கணக்கு கொடுத்திருக்கிறார்: உள்ளே இழுக்கப் பதினாறு மாத்திரை (மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம்), நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு. ஆரம்ப உற்சாகத்தில் நான் அதைத் தனியாக முயன்று, தலை சுற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் போனில் கத்தினார். அவர் கத்தியது அந்த ஒரு தடவைதான். இப்போது நான்கு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. நிறுத்துவதே இல்லை.

பொது யோகா எனக்குச் சரிப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூன் 21, முதல் சர்வதேச யோகா தினத்தில் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாகச் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் அலுவலகத்திலும் அந்த நாளில் கார் நிறுத்துமிடத்தில் பனியன் கொடுத்து நிற்க வைப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் வடையும் பொங்கலும். வடை நன்றாக இருக்கும்.

அடுத்து கடற்கரை. ஊரடங்கு தளர்ந்த பிறகு தோழிகள் மூவர் சேர்ந்து பெசன்ட் நகர் போனோம். கடல், காற்று, மேகத்துக்குப் பின்னால் செம்மை, எல்லாம் அமைந்திருந்தது. மணல்தான் சரியில்லை. கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடிமேடு முதலில் புதைகிறது. விரல்கள் மேலே நிற்கின்றன. மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாக மடங்குகிறது. ஐந்து நமஸ்காரம் செய்தால் மதியம் பேனா பிடிக்க முடியாது. ஈர மணலில் கெட்டியாக இருக்குமே என்று அலையோரம் போனால், அங்கே கடலைப் பார்த்து வாட்டம். இந்தத் தடவை ரசமட்டம் தேவைப்படவில்லை.

நாய்கள் தனிக்கதை. அதோமுக சுவானாசனம் என்றால் முகம் கவிழ்ந்த நாய் என்று பொருள். நாங்கள் மூவரும் அந்த நிலையில் நின்றபோது நிஜ நாய் ஒன்று வந்து, எங்கள் வரிசையின் கடைசியில் முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. முதுகு என்ன நேர்! ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம் என் மேட்டின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

நாயாவது பரவாயில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் பத்தடி தள்ளி நின்று போனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "நல்ல விஷயம்தானே மேடம், ஸ்டேட்டஸ்ல போடலாம்னு" என்றார். கண்ணை மூடிப் படுக்கும்போது சுற்றி யார் நிற்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் படுப்பது ஆண்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். திறந்த வெளியில் ஒரு பெண் சவாசனத்தில் கிடப்பது சாதாரணம் இல்லை. நாங்கள் முறை வைத்துப் படுத்தோம். ஒருத்தி உட்கார்ந்து செருப்பையும் பையையும் மற்ற இருவரையும் பார்த்துக்கொள்வாள். நான்கு வாரத்தில் விட்டுவிட்டோம். இப்போது கடற்கரைக்குப் போனால் நடக்கிறோம், சுண்டல் வாங்குகிறோம்.

இதையெல்லாம் டீச்சரிடம் புலம்பியபோது அவர் சிரித்தார். பழைய நூல்களைப் படித்தவருக்கு என் புலம்பல் புதிதாக இல்லை. சுவேதாசுவதர உபநிடதம், யோகம் செய்யும் இடம் சமமாகவும் சுத்தமாகவும் இருக்கவேண்டும், கூழாங்கல், நெருப்பு, மணல் இருக்கக்கூடாது, காற்று அடிக்காத ஒதுக்கிடமாக இருக்கவேண்டும் என்கிறது. மணல் கூடாது என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையைக் கேட்டால், அது வீட்டுத் தரகர் மாதிரி பேசுகிறது. சின்ன வாசல், ஜன்னல் கிடையாது, பொந்து குழி கிடையாது, ரொம்ப உயரமும் இல்லை தாழ்வும் இல்லை, சாணம் மெழுகியது, பூச்சி இல்லாதது. வெளியே ஒரு மண்டபம், திண்ணை, கிணறு, சுற்றிலும் மதில். நல்ல ஆட்சி நடக்கும், சோற்றுக்குப் பஞ்சமில்லாத ஊராகவும் இருக்கவேண்டுமாம். கீதை இருக்கையையே சொல்லிவிடுகிறது: உயரமும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், அடியில் தர்ப்பை, அதன்மேல் தோல், அதன்மேல் துணி.

மலைமுகட்டில் ஒற்றைக்காலில் நிற்கும் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. காட்டில் வாழ்ந்தவர்கள்தான் காற்று, எறும்பு, கல் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். காட்டை வாரக் கடைசியில் பார்ப்பவர்களுக்குத்தான் எல்லாம் படமாகத் தெரிகிறது. அந்தப் படங்களில் எறும்பு இருக்காது.

எனக்கு வெளியில் ஓர் இடம் கடைசியில் ஊரில் அமைந்தது. சேரன்மகாதேவி, தாமிரபரணிக் கரை. அம்மா தனியாக இருக்கிறாள். வருடத்துக்கு மூன்று தடவையாவது போய்ப் பத்து நாள் தங்குவேன். முதலில் வீட்டுக் கொல்லையில் மாமரத்தடியில் பாய் போட்டேன். நிழல், மண்தரை, குயில். மூன்றாம் நிமிடம் கழுத்தில் சுரீரென்றது. முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்து மரத்திலேயே கூடு கட்டும் சிவப்பு எறும்பு. நான் குதித்த குதியைப் பார்த்து அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டாள்: "என்னட்டி, இதுவும் அந்த யோகாவுல உள்ளதா?"

வாசலிலும் செய்ய விடவில்லை. "நாலு பேர் போற எடத்துல காலத் தூக்கிட்டு நிக்காதட்டி." சரி என்று விடியற்காலையில் ஆற்றுக்குப் போனேன். பெண்கள் குளிக்கும் படித்துறைக்கு மேல் ஒரு சின்னக் கல்மண்டபம் இருக்கிறது. நான்கு தூண், மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. பெரிய பெரிய பலகைக் கற்கள் பாவிய தரை. 2023 டிசம்பர் வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன மணல் தூணோரம் கொஞ்சம் கிடந்தது, துண்டால் தட்டிவிட்டேன். நூற்றுக்கணக்கான வருடமாக ஈரக்கால்கள் நடந்து நடந்து கல் வழவழப்பாகி, ஆனால் வழுக்காமல், லேசான குளிர்ச்சியோடு இருந்தது. மேற்கே பொதிகை மலைத் தொடரில் முதல் வெயில் பட்டுக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலைப் படுக்கப் போட்டுப் பார்த்தேன். உருளவில்லை.

பாலாசனத்தில் குனிந்து, நெற்றியைக் கல்லில் வைத்துக் கிடந்தேன். தண்ணீர் கற்களைத் தாண்டும் சத்தம், யாரோ துணியை அடிக்கும் சத்தம். அந்தச் சத்தம் நின்றது. ஈரக்கால் படியேறி வரும் ஓசை. தோளில் சில்லென்று ஒரு கை.

"ஏம்மா, வயித்த வலிக்கா?"

நிமிர்ந்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி, முழங்கால்வரை தூக்கிச் செருகிய சேலை, கையில் சோப்பு நுரை. இல்லை ஆச்சி, முதுகுவலிக்குப் பயிற்சி என்றேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தன் துணிக்குவியலைக் காட்டி, "இதத் தொவச்சா முதுகுவலி வருமா, போவுமா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. இரண்டு பெட்ஷீட்டை முறுக்கிப் பிழிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பிலிருந்து திரும்பி, மூச்சை விட்டு, ஆச்சி பிழிந்தது நல்ல சுத்தமான முறுக்கு. மறுநாளிலிருந்து நான் கண்மூடிப் படுத்திருக்கும்போது, மண்டபத்துப் பக்கம் வந்த பையன்களை ஆச்சியே விரட்டினாள். "அந்தப் பிள்ள யோகா பண்ணுது, அங்கிட்டுப் போங்கல." பெசன்ட் நகரில் எங்களுக்கு இல்லாமல் போனது இதுதான்.

மண்டபத்தில் நான் விரிப்பது மேட் இல்லை, கோரைப்பாய். எங்கள் ஊருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பத்தமடை. பாய்க்குப் பெயர்போன ஊர். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் நெய்கிற பாய் அது. கோரையை நெடுக்காகக் கிழித்துக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பாவுக்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ வைத்து நெய்வார்கள். மெல்லிசு ரகத்தைச் சேலை மாதிரி மடிக்கலாம். அதே பத்தமடையில்தான் 1887ல் குப்புசாமி என்றொரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, டாக்டராகி, மலாயாவில் வேலை பார்த்து, 1924ல் ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர்கள் வழியாக யோகா போய்ச் சேராத கண்டமே இல்லை என்று சொல்லலாம். யோகாவும் பாயும் ஒரே ஊரில் இருந்திருக்கிறது. சேரன்மகாதேவியில் பிறந்த நான் இரண்டையும் சென்னையில் போய்த் தேடியிருக்கிறேன்.

ஆசனத்துக்குக் கோரைப்பாய் எல்லா வகையிலும் ஏற்றது என்று சொன்னால் பொய். கை ஊன்றும் ஆசனங்களில் நழுவும். அதைக் கல்தரையிலேயே செய்துவிட்டு, உட்காரவும் படுக்கவும் மட்டும் பாய். வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், முதுகில் ஒட்டாது, வெயில் நாளிலும் சூடேறாது. எழுந்தால் முழங்கையில் வரிவரியாக அச்சு விழுந்திருக்கும். அரை மணி நேரம் போகாது.

போன பொங்கலுக்குப் போனபோது அம்மாவின் முழங்கால் வலி கூடியிருந்தது. மாத்திரை போட்டும் தூக்கம் இல்லை. கீழே உட்கார முடியாது, நாற்காலியில் உட்கார்த்திக் கையை மேலே தூக்கி இறக்கச் சொன்னேன், கூடவே மூச்சு. நான்கு நாள் வேண்டாவெறுப்பாகச் செய்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம், "நீ கண்ண மூடிட்டுக் கெடக்கியே, அதச் சொல்லிக் குடு" என்றாள்.

அவளாகவே பரணைக் காட்டினாள். மேலே பழைய வேட்டியில் சுற்றி, கல்யாணப் பாய். ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் பத்தமடையில் சொல்லி நெய்தது. ஓரத்தில் சிவப்புக் கோரையில் அப்பா பெயரும் அம்மா பெயரும் எழுத்து எழுத்தாக நெய்திருக்கும். சின்ன வயதில் அதன் மேல் ஓடினால் அடி விழும். பட்டாசாலில் விரித்தேன். நாற்காலியைப் பிடித்து மெல்ல இறங்கிப் படுத்தாள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தேன். பாதத்தைத் தளர்த்தச் சொன்னேன், கெண்டைக்கால், தொடை, வயிறு என்று டீச்சர் சொல்கிற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். வயிற்றைத் தாண்டவில்லை. குறட்டை.

எழுப்பவில்லை. ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்தாள். கன்னத்தில் பாயின் அச்சு. சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"இதுக்காட்டி சென்னையில காசு குடுத்துப் படிச்சே?"